அக்கா சொன்னால் சரி

உங்கள் அறை நாற்காலி வசதியாக இருக்கிறது, டாக்டர். முதுகைச் சரியான இடத்தில் தாங்குகிறது. எங்கள் தொழிலில் இதைத்தான் முதலில் பார்ப்போம். செஸ் மூளையின் ஆட்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி ஆட்டம் உட்காருவதுதான். உலகப் பட்டத்துக்கான போட்டிக்கு முன்னால் என் தம்பிக்கு வீட்டில் ஆடிப் பழக நாற்காலி வாங்க நான்தான் போனேன். கடையில் இருந்த எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் வலிக்கு உட்கார வந்தவள் என்று நினைத்துக் கடைக்காரர், "தண்ணி ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டார்.

அவன் வெளியே பெஞ்சில் இருக்கிறான். இருக்கட்டும். நீங்கள் போன தடவை கேட்டதற்கு இன்று முழுப் பதில் சொல்கிறேன்.

ஞாபகத்தைச் சோதிக்க நீங்கள் அவனிடம் ஒரு தாள் கொடுத்தீர்கள். அவன் எல்லா விடையையும் சரியாக எழுதி, பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் தப்பானதை எழுதினான். உங்களுக்கு முன்னால் பார்த்த பெரிய பெரிய டாக்டர்கள் தப்பைத்தான் எண்ணினார்கள். நீங்கள் அவன் அடித்திருந்ததைப் படித்தீர்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. "வீட்டுல இவருக்கு ஞாபகப்படுத்துறது யாரு?" என்று என்னைக் கேட்டீர்கள். நான்தான் என்றேன். அந்தத் தாளை மடித்து மேஜைக்குள் வைத்தீர்கள். கெட்டிக்காரர்.

எங்கள் வீடு ஒற்றை அறை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். விடியும் முன்பே போவாள், மதியம் வருவாள், சாப்பிட்ட கை காய்வதற்குள் படுத்துவிடுவாள். அவள் தூங்கும்போது வீட்டில் ஒரு காய் பலகையில் விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அதனால் நானும் தம்பியும் தெருவில் இறங்கி நடந்தபடி வாயாலேயே ஆடினோம். பலகை கிடையாது, காய் கிடையாது. நான் ஒரு நகர்வு சொல்வேன், அவன் ஒன்று சொல்வான். ரோட்டைக் கடப்போம், நாயைச் சுற்றிக்கொண்டு போவோம், ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

"என் குதிரை நடுவுலதான் நிக்குது" என்பான்.

"அது செத்து அஞ்சு தெரு ஆச்சுடா."

இப்படிச் சண்டை வந்தால் தீர்த்துக்கொள்ளப் பலகை இல்லையே. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். அக்கா சொன்னால் சரி. மூத்தவள் என்பதற்காக இல்லை. நான் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அம்மா எழுந்ததும் பலகையில் அடுக்கிப் பார்ப்போம்; நான் சொன்னபடியே இருக்கும். போகப் போக அடுக்கிப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம்.

முதலில் ஆடக் கற்றவள் நான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். வெளியூர்ப் போட்டிகள் வந்தபோது அப்பா சொன்னார், "பொம்பளப் புள்ளைய யார்கூட அனுப்புறது? இவன்னா எங்கயாவது ஒரு மூலைல சுருண்டுக்குவான்." அதில் வன்மம் எதுவும் இல்லை. லிஃப்டுக்குள் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி சொன்னார்.

அவன் போட்டிகளுக்குப் போனான். நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணக்கில் பட்டம். அன்று வீட்டில் எல்லாரும் தம்பியின் ரேட்டிங் ஏறியதைப் பற்றிப் பேசினார்கள். பட்டத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தேன், மாட்ட ஆணி இல்லை. சுவரில் இருந்த ஆணியெல்லாம் அவன் பதக்கங்களுக்குப் போயிருந்தன. "அடுத்த மாசம் ஒண்ணு அடிச்சுக்கலாம்" என்றாள் அம்மா. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆணி இல்லை, அவ்வளவுதான்.

கல்லூரி நூலகத்தில் உலக சாம்பியன்களின் வாழ்க்கை வரலாறுகள் இருந்தன. யாரும் தொடாத அலமாரி. எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் படித்திருக்கிறீர்களா, டாக்டர்? மனிதனுக்கு நடக்கக் கூடாதது எல்லாம் அதில் இருக்கிறது. முதல் சாம்பியன் மனநோய் விடுதியில், கையில் ஒன்றுமில்லாமல் செத்தார். இன்னொருவர் பட்டத்தைக் கையில் வைத்திருந்தபோதே ஓட்டல் அறையில் தனியாக, கோட்டுப் போட்டபடி நாற்காலியிலேயே இறந்து கிடந்தார். பக்கத்தில் செஸ் பலகை. ஒருவர் வென்ற பட்டத்தைக் காக்க மறுபடி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் உலகத்துக்கே கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து ஆடிவிட்டுப் போனார். இவற்றையெல்லாம் நடக்கும்போது தம்பிக்குச் சொல்வேன். மற்றப் பிள்ளைகள் பேய்க் கதை கேட்கிற மாதிரி கேட்பான்.

அவனுக்குப் பிடித்தது ஒரே ஒருவர்தான். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பட்டத்தை வென்றார், மறுபடி ஆடித் தோற்றார், சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்த் திரும்பவும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்பது வயது வரை நன்றாக இருந்தார். "இவர் கதைய மறுபடி சொல்லுக்கா" என்பான்.

அவன் பெரிய ஆட்டக்காரனான பிறகும் எங்கள் வழக்கம் மாறவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தால் அவனுக்கு நெற்றிப் பொட்டு வலிக்கும். பகல் முழுக்க நான் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து நகர்வுகளைத் தேடுவேன். மாலையில் இருவரும் நடப்போம். நான் சொல்லச் சொல்ல அவன் தலையில் ஏற்றிக்கொள்வான். எழுதி வைப்பதில்லை, எழுதினால் வெளியே கசியும். உலகத்தில் வேறு எந்த ஆட்டக்காரனும் இப்படித் தயாரானதில்லை என்று கோச் சொல்வார். கோச்சுக்கு விசில் என்று பெயர். மூக்கில் ஏதோ கோளாறு, யோசிக்கும்போது விசில் அடிக்கும். "சத்தம் வந்தா சார் யோசிக்கிறார், வரலைன்னா தூங்குறார்" என்பான் தம்பி.

அவன் உலக சாம்பியன் ஆனான். கடைசி ஆட்டத்தில் எதிராளியை உடைத்த நகர்வு நான் கண்டுபிடித்தது. ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்தேன். பத்திரிகைக்காரி ஒருத்தி அவனிடம் கேட்டாள், "உங்க டீம்ல யார் யார் இருக்காங்க?"

"டீம்லாம் பெருசா இல்லங்க. கோச் இருக்கார். அக்கா கூடவே இருக்கா, ஒரு தைரியத்துக்கு."

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டினேன். எனக்குக் கோபம் இல்லை, டாக்டர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இங்கேதான் காரணத்தைத் தேடுவீர்கள். இங்கே இல்லை. அன்று அவனைப் பார்த்தபோது எனக்கு அந்த நூலக அலமாரிதான் ஞாபகம் வந்தது. இவனும் அதற்குள் போய்விட்டான் என்று நினைத்தேன். இவனை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும்.

முதல் தடவை தற்செயலாகத்தான் நடந்தது. ஒரு போட்டியில் நான் சொன்னபடி மந்திரியை நகர்த்தி அழகாக ஜெயித்துவிட்டு வந்தான். அறைக்குள் நுழையும்போதே ஒரே சந்தோஷம். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படிக்கா? மந்திரிய வெச்சதும் அவன் மூஞ்சிய பாத்தியா?"

"பாத்தேன். ஆனா நான் குதிரைன்னுதானே சொன்னேன்" என்றேன்.

சிரித்தான். "விளையாடாத. மந்திரின்னு சொன்ன. பேக்கரி தாண்டும்போது சொன்ன."

"குதிரைடா. பேக்கரி தாண்டும்போதுதான் சொன்னேன். குதிரை."

குனிந்து ஷூவைக் கழற்றினான். பிறகு, "மன்னிச்சிருக்கா, மாத்தி வெச்சிட்டேன் போல" என்றான். ஜெயித்த ஆட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டான். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன் பிறகு நிதானமாகத்தான் செய்தேன். அடிக்கடி செய்யவில்லை. அவன் தோற்ற நாட்களில் செய்யவே இல்லை. தோற்றவன் காரணம் தேடுவான், வாதாடுவான். ஜெயித்தவனுக்கு வாதாட அவசியம் இல்லை. தப்பாகச் செய்தும் ஜெயித்துவிட்டோம் என்று பயம்தான் வரும். நடுவில் பல நாட்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வேன், சரியென்று ஒப்புக்கொள்வேன். அவனுக்கு நிம்மதி வரும். பிறகு ஒன்று. மருந்து கொடுக்கிற மாதிரிதான், உங்களுக்குத் தெரியாததா.

வீட்டு விஷயங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்டத்தில் மட்டும் மறதி என்றால் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பான். சாவியை அவன் வைத்த இடத்திலிருந்து எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டேன். அவன் மூடிய குழாயைத் திறந்துவிட்டேன். அம்மாவிடம் பேசிவிட்டுப் போனை வைத்தவனிடம், "அம்மாகிட்ட இன்னும் பேசலியா?" என்று கேட்டேன். பேசியாச்சே என்றான். "அது நேத்து." மறுபடி கூப்பிட்டான்.

"இப்பத்தானேடா பேசுன?" என்றிருக்கிறாள் அம்மா. அதை என்னிடம் வந்து சொன்னான். "அம்மாக்கு வயசாயிடுச்சுல்ல" என்றேன். இரண்டு பேருமே பயந்துபோனார்கள். அம்மா எங்களோடு வந்து தங்கிய பிறகு ஒருநாள் அவனைப் பார்த்து, "உலகத்தையே ஜெயிச்சவனுக்கு வீட்டுச் சாவி எங்கன்னு தெரியல பாரு" என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. இப்போது அவளும் குழம்பில் உப்புப் போட்டோமா என்று என்னைத்தான் கேட்கிறாள். அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. அது தானாக ஆனது.

விசில் ஒருவர்தான் இடைஞ்சல். ஒரு மாலை எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை. அடுத்த நாள் நான் தம்பியைத் திருத்தியபோது, "ஏம்மா, நீ யானைன்னுதானே சொன்ன? என் காதால கேட்டேனே" என்றார். தம்பி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தான். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் முகம் மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். "சார், உங்க விசில் சத்தத்துல என்ன கேட்டுச்சோ." தம்பியும் சிரித்தான். சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

அந்த வாரமே, நம் தயாரிப்பு எதிராளிக்குப் போகிறது, விசில் சார்தான் கொடுக்கிறார் என்று தம்பியிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து பார்த்தவராயிற்றே என்று அழுதான். அக்கா சொன்னால் சரி. விசிலை விலக்கிவிட்டான். அவர் போகும்போது வாசலில் என்னிடம், "பையன பாத்துக்கோம்மா" என்றார். சொல்லவே தேவையில்லை. அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பட்டத்தைக் காக்கும் போட்டி வந்தது. சவால் விட்டவன் நல்ல ஆட்டக்காரன், அவ்வளவுதான். என் தம்பி அவனை எளிதாக ஜெயித்திருப்பான். அதற்கான வழியையும் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், உண்மையான வழியை. நான் அவனுக்குத் தப்பான நகர்வு சொல்லிக் கொடுத்ததே கிடையாது, டாக்டர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் வேலையில் நான் எப்போதும் நேர்மையாக இருந்தேன்.

அந்த ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் தயார் செய்த இடம் அப்படியே பலகையில் வந்தது. குதிரையைப் பலி கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஜெயித்தாகிவிட்டது. அவன் கை குதிரைக்கு மேலே போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பலகையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தேன். தலையசைப்பது விதிமீறல், நான் விதியை மீறுகிறவள் இல்லை. நேரம் தீர்ந்து தோற்றான்.

"எனக்கு மூவ் ஞாபகம் இருந்துச்சு. அது நெஜமா ஞாபகமா, நானா வெச்சுக்கிட்டதான்னு தெரியல" என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னான். மிச்ச ஆட்டங்களை ஆடவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். வாழ்க்கையையே அவனுக்காகக் கொடுத்த அக்கா என்று பத்திரிகைகள் எழுதின. முதல் தடவையாக என் படமும் வந்தது.

நான் நினைத்தது நடந்தது. வெளியே எடுத்துவிட்டேன். இனி ஒரு வேலை பார்ப்பான், சாதாரணமாக இருப்பான் என்று நினைத்தேன். ஆனால் அவன் விட்டது செஸ்ஸை மட்டும் இல்லை. எல்லாவற்றையும் விட்டான். அப்பா ரிப்பேர் செய்த அதே மாதிரி லிஃப்டில் ஏறி, எந்த மாடி என்று யாராவது சொல்லும் வரை நிற்கிறான். பச்சை விளக்கு எரிந்தாலும் ரோட்டைக் கடக்க மாட்டான். தட்டைக் காட்டி, "நான் சாப்ட்டேனாக்கா?" என்கிறான். சாப்பிட்டாய் என்றால் எழுந்துவிடுவான். ஒருமுறை பசியோடு எழுந்ததைப் பார்த்தேன். அது என் தவறு, கவனிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் கேட்டான், "அக்கா, கணக்கு வாத்தியார் ஒருத்தர் சாம்பியனா இருந்தாரே. தோத்த பிறகும் நல்லாத்தானே இருந்தார்? நாமளும் அப்படி..."

"அப்படி யாரும் இல்லடா" என்றேன். "நீயா கற்பனை பண்ணிருக்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

போன தடவை நான் கிளம்பும்போது நீங்கள் வாசல் வரை வந்தீர்கள். "அவர்கிட்ட ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா நீங்களே சொல்லிடுங்க. வேற யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். அதுதான் ஒரே மருந்து" என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி என்று பட்டது. நேற்று மாலை நடக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும். மந்திரி, சாவி, குழாய், விசில் சார். கணக்கு வாத்தியார் உண்மையாகவே இருந்தார் என்பதையும்.

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவன் உதடு அசைந்தது. அந்த உலகப் போட்டி ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு நகர்வு பிசகவில்லை. குதிரை வரும் இடத்தில் என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்றேன்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியாக்கா? நான் நல்லாத்தான் இருக்கேனா?"

"நல்லாத்தான் இருக்கடா."

வீட்டுக்கு வந்து யாரையும் கேட்காமல் தானே போட்டுச் சாப்பிட்டான். தூங்கினான்.

இன்று காலையில் நான் எழுந்தபோது அவன் சவரம் செய்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுத் தயாராக இருந்தான். விசில் சாரைப் பார்க்கப் போக வேண்டும், காலில் விழ வேண்டும் என்றான். மறுபடி ஆடப் போகிறேன் என்றான். இனி தயாரிப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். அதை மரியாதையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கதவருகே நின்று ஒருமுறை திரும்பினான். கை சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நேத்து நீ சொன்னத இன்னொரு தடவை மட்டும் சொல்லிடு. நான் சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்கேனான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

எனக்கு மனநோய் விடுதியில் செத்த அந்த முதல் சாம்பியன் கண் முன்னால் வந்தார். இவனை மறுபடி அங்கே அனுப்ப நான் யார்?

"நேத்தா?" என்றேன். "நேத்து நாம நடக்கவே போகலியேடா."

அவன் பிடித்திருந்த பொத்தானை விட்டான். பிறகு தலையாட்டினான். "மன்னிச்சிருக்கா" என்றான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான்.

இவ்வளவுதான், டாக்டர். செய்ததெல்லாம் நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. நீங்கள் அவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லலாம், போலீஸை வரவழைத்து அவர்களையும் சொல்லச் சொல்லலாம். கேட்டுக்கொள்வான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அப்போது நான் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. அவனுக்கு எது நல்லதோ அதைச் சொல்வேன்.

கூப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டால் எழுந்து வர மாட்டான். பெஞ்சில் உட்காரச் சொன்னார்களா, எழுந்து வரச் சொன்னார்களா என்று அவனுக்குக் குழப்பமாக இருக்கும். நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். நானும் இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகியிருக்கும், நினைத்துப் பாருங்கள்.